எய்தவனை நோவதா? அம்பை நோவதா?

அபூ குரைப் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2004 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி அவற்றை முதன்முதலில் வெளியிட்டது. சில நாட்களில் உலகத்தின் எல்லாப் பத்திரிகைகளிலும் அவை வந்துவிட்டன. தலையை மூடி, கைகளில் மின்கம்பி கட்டி, ஒரு பெட்டியின் மேல் நிறுத்தி வைக்கப்பட்ட மனிதர்; உடை உருவப்பட்டு ஒருவர் மேல் ஒருவராக அடுக்கப்பட்ட கைதிகள்; கழுத்தில் வார் கட்டி இழுக்கப்படுபவர். அவற்றை இதற்கு மேல் இங்கே வர்ணிக்கப் போவதில்லை. அந்தக் கைதிகளின் மானம் ஒரு முறை சந்தைக்கு வந்ததே போதும்.

நாம் உங்களைப் பார்க்கச் சொல்வது, அதே படங்களில் கைதிகளுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களை. அவர்கள் சிரிக்கிறார்கள். கட்டை விரலை உயர்த்திக் காட்டுகிறார்கள். திருடப் போகிறவன் யாராவது தன்னைப் படம் எடுக்கச் சொல்வானா? தவறு செய்கிறோம் என்ற எண்ணம் இருப்பவன் விளக்கை அணைப்பான், கதவைச் சாத்துவான். இவர்களோ கேமராவைக் கொண்டு வரச் சொன்னார்கள். எடுத்த படங்களை சி.டி.யில் ஏற்றி ஒருவருக்கொருவர் கொடுத்துக் கொண்டார்கள். ஏன்? பார்க்கப் போகிறவர்கள் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அதுதான் நம் கேள்வி.

படங்கள் வெளியானதும் இரண்டு விதமான பதில்கள் வந்தன. அமெரிக்க அரசு, "ஒரு சிலரின் இழிசெயல்" என்றது. 2004 மே 24 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையிலும் இதையே சொன்னார். நம் பக்கத்திலோ, "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? புஷ்ஷும் ரம்ஸ்ஃபெல்டும்தான் குற்றவாளிகள், சிப்பாய்கள் வெறும் கருவிகள்" என்று பேசப்பட்டது. முதல் பதில் பொய் என்பதை யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது பதிலும் பாதி பதில்தான் என்பது நம் கருத்து. அம்புக்குக் கண் கிடையாது. இவர்களுக்குக் கண் இருந்தது. "மாட்டேன்" என்று சொல்ல வாயும் இருந்தது. சொன்னவர்களும் அதே சிறையில் இருந்தார்கள்! அவர்களைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

ஒரே வட்டாரத்துப் பிள்ளைகள்

படங்களில் இருந்தவர்கள் 372ஆவது இராணுவ போலீஸ் கம்பெனியைச் சேர்ந்தவர்கள். இது முழுநேர இராணுவம் அல்ல, ரிசர்வ் படை. மேரிலாந்து மாநிலத்தில் கம்பர்லாந்து என்ற சிறிய நகரத்தை அடுத்த கிரெசப்டவுன் இதன் தலைமையிடம். ஊரில் ஆளுக்கொரு வேலை பார்த்துக் கொண்டிருந்தவர்கள். பலர் ஒருவருக்கொருவர் முன்பே அறிமுகமானவர்கள். 2003 அக்டோபரில் பக்தாதுக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அபூ குரைப் சிறைக்கு இவர்கள் வந்து சேர்ந்தார்கள். சிறைக் காவலுக்குச் சரியான பயிற்சி கிடையாது. வெளியிலிருந்து அடிக்கடி மோர்ட்டார் குண்டுகள் வந்து விழுந்தன. குவான்டனாமோவில் ஏறக்குறைய ஒரு கைதிக்கு ஒரு காவலர் இருந்தபோது, இங்கே 75 கைதிகளுக்கு ஒரு காவலர் என்ற நிலை என்று பின்னர் விசாரித்த ஷ்லெசிங்கர் குழு எழுதியது.

பயம், களைப்பு, அந்நிய மண், புரியாத மொழி. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு சிப்பாய்க்கு இருக்கும் ஒரே சொந்தம் பக்கத்தில் நிற்கும் இன்னொரு சிப்பாய். குண்டு விழுந்தால் தூக்கிச் செல்லப் போகிறவன் அவன்தான். அவனைப் பகைத்துக் கொள்ள முடியுமா?

சார்ல்ஸ் கிரேனர் என்பவர் இந்தக் கூட்டத்தின் நடுநாயகம். அமெரிக்காவிலும் சிறைக் காவலராக வேலை பார்த்தவர். வயதில் மூத்தவர், பேச்சில் வல்லவர், இரவுப் பணியில் அவர் வைத்ததே சட்டம். 2003 நவம்பர் 7 இரவு ஏழு கைதிகளை அடுக்கிப் படம் எடுத்த சம்பவம் நடந்தபோது ஜெரமி சிவிட்ஸ் என்ற இளைஞர் அங்கே வந்தார். அவர் காவலர் கூட அல்ல, வண்டி பழுது பார்க்கும் மெக்கானிக். யாரோ கூப்பிட்டார்கள், வந்தார். கேமராவைக் கொடுத்தார்கள், படம் எடுத்தார். ஏன் மேலதிகாரியிடம் சொல்லவில்லை என்று விசாரணையில் கேட்டார்கள். சொல்ல வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார்கள், எனக்கு எல்லோரிடமும் நட்பாக இருக்க ஆசை என்ற பொருள்பட அவர் பதில் சொன்னார்.

வாசகர்களே, இந்தப் பதிலைச் சற்று நிறுத்திப் படியுங்கள். இதில் வெறி இல்லை. முஸ்லிம் பகையோ அரபுப் பகையோ கூட இல்லை. கூட இருப்பவர்களின் முகம் கோணக் கூடாதே என்ற எண்ணம் மட்டுமே இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளை கல்லூரி விடுதியில் ராகிங் நடக்கும்போது ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்து என்ன சொல்வானோ, அதே பதில். அக்கிரமம் செய்ய ஆயிரம் கெட்டவர்கள் தேவையில்லை. ஒரு கெட்டவனும், அவனோடு நட்பாக இருக்க விரும்பும் பத்துப் பேரும் போதும்.

இது வெறும் ஊகம் அல்ல. சாலமன் ஆஷ் என்ற உளவியல் அறிஞர் 1950களில் ஓர் எளிய சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, இந்த மூன்றில் எது இதே நீளம் என்று கேட்பார்கள். சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருக்கும் மற்றவர்கள் எல்லோரும் முன்பே ஏற்பாடு செய்யப்பட்டவர்கள். வேண்டுமென்றே தவறான கோட்டைக் காட்டுவார்கள். உண்மையான ஆள் ஒருவர் மட்டும். அவர் என்ன செய்தார்? ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தடவை, தன் கண் சொன்னதைத் தள்ளிவிட்டு, கூட்டம் சொன்னதையே சொன்னார். நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது அப்படித் தலையாட்டினார்கள். ஒரு கோட்டுக்கே இப்படி!

1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் இன்னும் ஒரு படி மேலே போனார். அடுத்த அறையில் இருப்பவர் கேள்விக்குத் தவறாகப் பதில் சொன்னால் மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தவறுக்கும் அளவு கூடும். உண்மையில் மின்சாரம் பாயவில்லை, அலறல் எல்லாம் நடிப்பு. அது அழுத்துகிறவருக்குத் தெரியாது. தயங்கினால், பக்கத்தில் நிற்கும் கோட்டு போட்ட அதிகாரி, "சோதனைக்கு இது அவசியம், தொடருங்கள்" என்பார். அவ்வளவுதான், மிரட்டல் இல்லை, துப்பாக்கி இல்லை. 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள்.

இந்த 26 என்ற எண்ணை எல்லோரும் சொல்வார்கள். மில்கிராமின் இன்னொரு சோதனையை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. அதில் பக்கத்தில் அமர்ந்திருந்த இரண்டு சகாக்கள் நடுவிலேயே எழுந்து, "இனி முடியாது" என்று விலகிக் கொண்டார்கள். அப்போது 40 பேரில் எத்தனை பேர் கடைசி வரை போனார்கள் தெரியுமா? நான்கு பேர்! ஆஷின் சோதனையிலும் இதே கதைதான். அறையில் ஒரே ஒருவர் சரியான கோட்டைக் காட்டிவிட்டால், தலையாட்டுவது நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆக, கூட்டத்தின் அழுத்தம் மலை போலத் தெரிந்தாலும் ஒரு விரிசலைத் தாங்காது. அதனால்தான் எந்தக் கூட்டமும் முதல் விரிசலைக் கண்டு அவ்வளவு ஆத்திரப்படுகிறது.

(1971இல் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் பிரித்து வைத்து நடத்திய சோதனையையும் இங்கே பலர் மேற்கோள் காட்டுவார்கள். அதை நாம் சேர்க்கவில்லை. கடுமையாக நடந்து கொள்ளும்படி காவலர் வேடமிட்டவர்களுக்கு நடத்தியவர்களே சொல்லிக் கொடுத்தார்கள் என்பது பிற்காலத்தில் வெளியாகிவிட்டது. ஒரு விதத்தில் அதுவும் நம் விஷயத்துக்குப் பொருந்தத்தான் செய்கிறது: மேலே இருந்து யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.)

காகிதத்தில் தொடங்கியது

அபூ குரைப் சிப்பாய்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? இதற்கு நாம் ஈராக்கை விட்டு வாஷிங்டன் போக வேண்டும். இரண்டு வருடம் பின்னாலும் போக வேண்டும்.

2002 பிப்ரவரி 7 அன்று புஷ் ஒரு குறிப்பில் கையெழுத்திட்டார். அல் காயிதாவினருக்கு ஜெனீவா ஒப்பந்தம் பொருந்தாது. ஆயினும் அவர்களை மனிதாபிமானத்தோடு நடத்துவோம், "இராணுவத் தேவைக்கு இசைந்த அளவில்" என்றது அது. அந்தக் கடைசி வாலைக் கவனியுங்கள். மனிதாபிமானத்துக்கு ஒரு கதவு வைத்து, அந்தக் கதவின் சாவியைத் தளபதியின் சட்டைப் பையில் போட்டாயிற்று.

2002 ஆகஸ்ட் 1 அன்று நீதித்துறையிலிருந்து இன்னொரு காகிதம் வந்தது. ஜான் யூ என்ற வழக்கறிஞர் எழுதியது, அவருடைய மேலதிகாரி ஜே பைபீ கையெழுத்திட்டது. சித்திரவதை என்றால் என்ன என்று அது ஆராய்ந்தது. உறுப்பு செயலிழப்பதற்கோ மரணத்துக்கோ ஒப்பான வலி ஏற்பட்டால்தான் அது சித்திரவதை. அதற்குக் கீழே நடப்பது வேறு ஏதோ. சட்டம் படித்த மனிதர்கள், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, அடிக்குறிப்புகளோடு எழுதிய வாசகம் இது. கொடுமையை யாரும் "கொடுமை செய்யுங்கள்" என்று உத்தரவிட்டு நடத்துவதில்லை. சொல்லின் எல்லையைச் சற்று நகர்த்தி வைக்கிறார்கள். நேற்று வரை குற்றமாக இருந்தது இன்று "தீவிர விசாரணை முறை" ஆகிவிடுகிறது. பெயர் மாறியதும் கை கூசுவது நின்றுவிடுகிறது.

2002 டிசம்பர் 2 அன்று பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட், குவான்டனாமோவில் கைதிகளின் உடையைக் களைவது, நாய்களைக் கொண்டு அச்சுறுத்துவது, நீண்ட நேரம் நிற்க வைப்பது ஆகியவற்றுக்கு ஒப்புதல் கொடுத்தார். நிற்க வைப்பதற்கு நான்கு மணி நேரம் என்று வரம்பு போட்டிருந்தார்கள். அமைச்சர் ஓரத்தில் தன் கையாலேயே எழுதினார்: நான் தினமும் எட்டு, பத்து மணி நேரம் நிற்கிறேன், இவர்களுக்கு மட்டும் ஏன் நான்கு? அமைச்சர் தன் அலுவலகத்தில் மேசை முன் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பழக்கம் உள்ளவர். கால் வலித்தால் உட்காரலாம். அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. அது ஒரு கிண்டல். ஆனால் மேலே இருப்பவர் அடிக்கும் கிண்டல் கீழே போகப் போக உத்தரவாகி விடும்.

இன்னொரு கொடுமை. இந்த முறைகள் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பதை அமெரிக்க செனட்டின் படைத்துறைக் குழு 2008இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. கொரியப் போரில் சிறைப்பட்ட அமெரிக்க வீரர்களிடம் பொய் வாக்குமூலம் வாங்க சீனர்கள் கையாண்ட முறைகள் அவை. அவற்றைத் தாங்கிக் கொள்ளத் தன் வீரர்களுக்கு அமெரிக்கா பல்லாண்டுகள் பயிற்சி கொடுத்து வந்தது. அந்தப் பயிற்சிப் பாடத்தைத்தான் திருப்பிப் போட்டு முஸ்லிம் கைதிகள் மீது பயன்படுத்தினார்கள். தங்களுக்கு நடந்தபோது அதற்குச் சித்திரவதை என்று பெயர் சொல்ல அவர்களுக்கு எந்த அகராதியும் தேவைப்படவில்லை.

குவான்டனாமோவின் தளபதி ஜெனரல் ஜெஃப்ரி மில்லர் 2003 ஆகஸ்ட் கடைசியில் அபூ குரைப் வந்தார். விசாரணைக்கு ஏற்ற நிலைமையைச் சிறைக் காவலர்களே உருவாக்கித் தர வேண்டும் என்று பரிந்துரைத்துவிட்டுப் போனார். செப்டம்பர் 14 அன்று ஈராக்கில் இருந்த தளபதி ஜெனரல் சான்செஸ், நாய்களைப் பயன்படுத்துவது உட்பட்ட முறைகளுக்கு எழுத்தில் அனுமதி கொடுத்தார். அக்டோபரில்தான் நம் மேரிலாந்து ரிசர்வ் படையினர் வந்து சேர்கிறார்கள். வந்தவர்களிடம் உளவுப் பிரிவினர் என்ன சொன்னார்கள்? "இவனுக்கு இன்றைய இரவு நல்ல இரவாக இருக்கக் கூடாது, பார்த்துக் கொள்." மறுநாள், "நல்ல வேலை செய்தாய், மடமடவென்று பேசுகிறான்." விசாரணை நடத்திய மேஜர் ஜெனரல் அந்தோனியோ டகூபாவின் அறிக்கையில் ஒரு சார்ஜெண்ட் கொடுத்த வாக்குமூலத்தின் சாரம் இது.

இப்போது முழுப் படமும் தெரிகிறது அல்லவா? மேலே காகிதம், கீழே கூட்டாளிகள். காகிதம் "இது குற்றமல்ல" என்கிறது. கூட்டாளிகள் "எல்லோரும்தான் செய்கிறோம்" என்கிறார்கள். காகிதம் மட்டும் இருந்திருந்தால் படித்துவிட்டுக் கூசி நின்றிருப்பவர்கள் பலர். கூட்டாளிகள் மட்டும் இருந்திருந்தால் அடுத்த நாளே ஒரு மேலதிகாரி வந்து காதைத் திருகியிருப்பார். இரண்டும் சேர்ந்தபோதுதான் கேமராவைத் தைரியமாக வெளியே எடுத்தார்கள்.

யார் மீது இதெல்லாம் நடந்தது? "பயங்கரவாதிகள்" என்றார்கள். ஈராக்கில் பிடித்து வைக்கப்பட்டவர்களில் 70 முதல் 90 சதவீதம் பேர் தவறாகக் கைது செய்யப்பட்டவர்கள் என்று உளவுப் பிரிவு அதிகாரிகளே தங்களிடம் மதிப்பிட்டுச் சொன்னதாகச் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் 2004 பிப்ரவரி அறிக்கையில் எழுதியது.

பிடிபட்ட பிறகு சொன்ன சமாதானங்கள்

வெளியே தெரிந்த பிறகு மேலே இருந்தவர்களும் கீழே இருந்தவர்களும் பேசிய மொழியைப் பாருங்கள். 2004 மே 4 அன்று ரம்ஸ்ஃபெல்ட், இது முறைகேடு, சித்திரவதை என்பது வேறு, அந்தச் சொல்லுக்குள் நான் போக விரும்பவில்லை என்றார். அதே நாள் ரஷ் லிம்பா என்ற பிரபல வானொலிப் பேச்சாளர், கல்லூரி மாணவர் சங்கங்களில் புதியவர்களைச் சேர்க்கும்போது நடக்கும் கேலிக்கூத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை, பையன்கள் மன இறுக்கத்தைத் தீர்த்துக் கொண்டார்கள் என்றார். 2005 ஜனவரியில் கிரேனரின் வழக்கறிஞர் இராணுவ நீதிமன்றத்தில் எழுந்து, விளையாட்டு மைதானங்களில் உற்சாக நடனமாடும் பெண்கள் கூடத்தான் ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் பிரமிடு அமைக்கிறார்கள், அது சித்திரவதையா என்று கேட்டார்.

சிரிப்பு வருகிறதா? வரக் கூடாது. நீதித்துறையின் 2002 காகிதமும் இந்த வக்கீலின் கேள்வியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. விரும்பி ஏறுகிற பெண்ணையும், தலை மூடப்பட்டு அடித்துத் தள்ளப்பட்ட கைதியையும் ஒரே சொல்லுக்குள் போட்டு மூடுகின்றன.

மாட்டேன் என்றவர்கள்

டகூபாவின் அறிக்கை குற்றவாளிகளை மட்டும் பட்டியலிடவில்லை. சிலரைப் பாராட்டியும் எழுதியது. வில்லியம் கிம்ப்ரோ, கடற்படையைச் சேர்ந்தவர், நாய்களைக் கையாள்பவர். உளவுப் பிரிவினரின் கடும் நிர்ப்பந்தத்தையும் மீறி, முறையற்ற விசாரணைக்கு வர மறுத்தார். அதே சிறைதான், அதே நாட்கள்தான், அதே மோர்ட்டார் குண்டுகள்தான்! டேவிட் சட்டன் என்ற லெப்டினண்ட், தன் கண் முன் நடந்த ஓர் அத்துமீறலை அங்கேயே நிறுத்தி மேலிடத்துக்கும் தெரிவித்தார். "கருவிகள்தானே, அவர்கள் என்ன செய்வார்கள்" என்பவர்கள் இந்தப் பெயர்களுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

ஜோசப் டார்பியின் கதை இன்னும் பெரிது. அதே 372ஆவது கம்பெனி. ஊரிலிருந்து வந்த அதே கூட்டம். ஈராக்கில் எடுத்த படங்கள் இருந்தால் கொடு என்று கிரேனரிடம் கேட்டார்; கிரேனர் இரண்டு சி.டி.களைக் கொடுத்தார். அதற்குள்தான் அந்தப் படங்கள். கொடுத்தவருக்குத் தயக்கமே இல்லை என்பதைக் கவனியுங்கள். நம்மவன்தானே! டார்பி சில நாட்கள் யோசித்தார். 2004 ஜனவரி 13 அன்று அவற்றை இராணுவக் குற்றப் புலனாய்வுப் பிரிவிடம் ஒப்படைத்தார்.

பெயரை வெளியிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். குற்றம் செய்தவர்கள் இன்னும் அதே முகாமில் நடமாடியதால், தூங்கும்போதும் துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்துக் கொண்டே தூங்கியதாக அவர் பின்னர் சொன்னார். மே 7 அன்று நாடாளுமன்றக் குழு முன் வந்த ரம்ஸ்ஃபெல்ட், தொலைக்காட்சியில் நாடே பார்க்க, டார்பியின் பெயரைச் சொல்லி நன்றி தெரிவித்தார். டார்பி அப்போது ஈராக்கில் நூற்றுக்கணக்கான சிப்பாய்களோடு உணவுக் கூடத்தில் சாப்பிட்டுக் கொண்டிருந்தார். பாராட்டா அது? தெரியாமல் செய்த பிழையா? படிப்பவர்களே முடிவு செய்து கொள்ளுங்கள்.

ஊர் என்ன செய்தது? முன்னாள் இராணுவத்தினர் சங்கத்தின் உள்ளூர்த் தலைவர், டார்பி ஒரு துரோகி, தன் படைப்பிரிவைக் கைவிட்டவன் என்று தொலைக்காட்சியிலேயே சொன்னார். கைதிகளை அடுக்கியவர்கள் அந்த ஊருக்குத் துரோகம் செய்யவில்லையாம். படத்தைக் கொடுத்தவர் செய்துவிட்டாராம். டார்பி ஊர் திரும்புவது பாதுகாப்பானதல்ல என்று இராணுவமே முடிவு செய்தது. கணவனும் மனைவியும் வேறு இடத்தில் குடியேறினார்கள். விசாரித்த டகூபாவின் கதி? 2007 ஜனவரிக்குள் ஓய்வு பெற்றுச் செல்லும்படி 2006இல் அவருக்குத் தொலைபேசியில் தகவல் வந்தது. ஆக, கூட்டத்தின் அழுத்தம் சிறைக்குள் இருந்த பத்துப் பேரோடு நிற்கவில்லை. ஊருக்கு ஒரு அழுத்தம், பென்டகனுக்கு ஒரு அழுத்தம். "ஊரோடு ஒத்து வாழ்" என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது கம்பர்லாந்திலும் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

அதே சிறை, வேறு சாவி

இங்கே சகோதரர்களிடம் ஒரு கேள்வி. கசப்பாக இருந்தாலும் கேட்டாக வேண்டும்.

அபூ குரைப் அமெரிக்கா கட்டிய சிறை அல்ல. சதாம் ஹுசைனின் ஆட்சியில் அங்கே ஆயிரக்கணக்கானோர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் விஷவாயுவுக்குப் பலியான சுமார் 5000 குர்துகளும் முஸ்லிம்கள். ஆனால் 1991 வளைகுடாப் போரின்போது நம் தெருக்களில் சதாம் வீர நாயகன். நாட்டின் பல பகுதிகளில் அந்த வருடங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அந்தச் சிறையைப் பற்றி அப்போது மேடையேறிப் பேசியிருந்தால் என்ன பெயர் கிடைத்திருக்கும்? "அமெரிக்கக் கைக்கூலி." அந்தப் பெயருக்குப் பயந்து வாயை மூடிக் கொண்டவர்கள் இருந்தார்கள். டார்பியைத் துரோகி என்ற கம்பர்லாந்து மனிதருக்கும், சதாமைக் கேள்வி கேட்டவனைக் கைக்கூலி என்றவருக்கும் என்ன வித்தியாசம்?

இதைச் சொல்வதால் அமெரிக்காவின் குற்றம் ஒரு அணுவும் குறையாது. "சதாமும்தானே செய்தான்" என்பது ஆக்கிரமிப்பாளர்கள் மகிழ்ச்சியோடு பயன்படுத்திய இன்னொரு சமாதானம். அதற்கும் நாம் இடம் கொடுக்க முடியாது. நாம் கேட்பது வேறு. அடிக்கிற கை நம் கை என்றால் நம் பார்வை மாறுமா? ஒரு நோட்டீஸ் ஒட்டுவதில் தகராறு, ஒரு பள்ளிவாசல் நிர்வாகத்தில் தகராறு, ஒரு காதல் கல்யாணம் — இவற்றில் நம் இளைஞர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒருவரை அடித்தார்கள் என்ற செய்தி வரும்போது நம் வாயிலிருந்து முதலில் வருவது என்ன? "அவன் என்ன பேசினான் என்று விசாரித்தீர்களா?" ஆகஸ்ட் காகிதம் நாடாளுமன்றங்களில் மட்டும் எழுதப்படுவதில்லை. பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சொல்லும் ஒரு வாக்கியமும் அந்தக் காகிதம்தான். கேட்டுக் கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அது போதும்.

கணக்கு

கடைசியில் யார் தண்டிக்கப்பட்டார்கள்? பதினொரு சிப்பாய்கள். கிரேனருக்குப் பத்து வருடம், ஆறரை வருடத்தில் வெளியே வந்துவிட்டார். எல்லோரிடமும் நட்பாக இருக்க விரும்பிய சிவிட்ஸுக்கு ஒரு வருடம். சிறைகளுக்குப் பொறுப்பாயிருந்த பெண் பிரிகேடியர் ஜெனரல் ஜேனிஸ் கார்பின்ஸ்கிக்குப் பதவி இறக்கம். உளவுப் பிரிவுக் கர்னலுக்கு 8000 டாலர் அபராதம். நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட ஒரே உயர் அதிகாரி ஒரு லெப்டினண்ட் கர்னல். அவர் மீதிருந்த தண்டனையும் 2008இல் ரத்தானது. 2003 நவம்பர் 4 அன்று அதே சிறையில், சி.ஐ.ஏ. விசாரணையின்போது, கைகளைப் பின்னால் கட்டித் தொங்கவிடப்பட்ட நிலையில் மனாதில் அல் ஜமாதி இறந்தார். கொலை என்றது பிரேதப் பரிசோதனை. அவருடைய உடலுக்குப் பக்கத்திலும் கட்டை விரலை உயர்த்திப் படம் எடுத்துக் கொண்டார்கள். அந்த மரணத்துக்காகச் சிறை சென்றவர் எவரும் இல்லை. 2012 ஆகஸ்டில் நீதித்துறை கோப்பை மூடியது.

அல் ஜஸீரா செய்தியாளர் ஒருவர் உட்பட மூன்று ஈராக்கியர்கள், விசாரணையாளர்களை அனுப்பிய சி.ஏ.சி.ஐ. என்ற தனியார் நிறுவனத்தின் மீது 2008இல் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனத்தின் வாதம் என்ன தெரியுமா? எங்கள் ஆட்களை இராணுவம் இரவல் வாங்கியிருந்தது, அவர்கள் செய்ததற்கு இராணுவமே பொறுப்பு. சிப்பாய் உளவுப் பிரிவைக் காட்டினான். உளவுப் பிரிவு காகிதத்தைக் காட்டியது. காகிதம் எழுதியவர்கள் "ஒரு சிலர்" என்று சிப்பாயைக் காட்டினார்கள். நிறுவனம் இராணுவத்தைக் காட்டியது. பதினாறு வருடங்கள் இந்தச் சக்கரம் சுற்றியது. 2024 நவம்பர் 12 அன்று வர்ஜீனியாவில் ஜூரி அந்த வாதத்தை நிராகரித்து, மூவருக்கும் சேர்த்து 4 கோடியே 20 லட்சம் டாலர் கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது.

2002 ஆகஸ்ட் காகிதத்தில் கையெழுத்திட்ட ஜே பைபீ 2003இலேயே மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பட்டார். அந்தப் பதவி ஆயுட்காலப் பதவி.